சுண்டுவிரல் அளவில் ருஷ்ய மகாராணி

முன்னொரு காலத்தில், காற்று போன போக்கில் கப்பல்கள் ஓடிய நாளில், ஒரு ராஜ்ஜியத்துக்கு ருஷ்ய தேசத்திலிருந்து ஒரு படம் பரிசாக வந்தது. சுவர் உயரப் படம். அந்த நாட்டு மகாராணி சேனாபதிபோல் பச்சைச் சட்டை போட்டு, உருவிய வாளோடு வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள்.

ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெரியவரைப் பெரிதாகவும் மற்றவரைச் சிறிதாகவும் எழுதுவதுதான் இங்கே சித்திரகாரர்களின் முறை. தன் சபையிலேயே தன்னைவிடப் பெரிதாக ஒரு ராணியா? புதிதாக ஒரு படம் வேண்டும், அதில் தான் பெரிதாகவும் அவள் சிறிதாகவும் இருக்க வேண்டும், ஆனாலும் பௌர்ணமிக்கு வரப்போகும் ருஷ்யத் தூதர் அதைப் பார்த்து மகிழ வேண்டும் என்று கட்டளையிட்டார்.

சபையில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மந்திரி பல்லவராயருக்கு மட்டும் வாயெல்லாம் பல். சபை விகடன் நல்லாண்டானின் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறவர் அவர்.

"இதற்கு நல்லாண்டானை விட்டால் ஆள் ஏது, மகாராஜா? முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

சேதி கேட்டதும் நல்லாண்டானின் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். அவனோ வந்த படத்தின் முன்னால் போய் நின்றான். ராணியை விட்டுவிட்டு, குதிரையின் குளம்புக்குப் பக்கத்தையே உற்றுப் பார்த்தான். அங்கே நெல்மணி அளவில் ஒரு மாளிகை. அதன் வாசலில் புள்ளி புள்ளியாக ஒரு சேனை. சிரித்துக்கொண்டே அரண்மனைச் சித்திரகாரரைக் கூப்பிட்டு, எழுத வேண்டியதைச் சொன்னான்.

பௌர்ணமியன்று சபையில் தூதர் முன்னிலையில் திரை விலகியது. படம் நிறைய ராஜா நின்றார். மேலே ஒரு மூலையில், பனிமலை உச்சியில், சுண்டுவிரல் அளவில் குதிரைமேல் மகாராணி. ராஜாவுக்கு மீசை துள்ளியது.

பல்லவராயர், தூதருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷியிடம் நகர்ந்தார். "எங்கள் விகடன் ருஷ்ய ராணியை மூலையில் பூச்சி மாதிரி ஒட்டியிருக்கிறான் ஐயா. தூதருக்கு நன்றாக விளங்கும்படி சொல்லும்."

நல்லாண்டான் எழுந்தான். "துபாஷியாரே, அடியேன் கேள்வி ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் அனுப்பிய படத்தில் மகாராணியாரின் மாளிகை குதிரைக் குளம்பளவுகூட இல்லையே, அது என்ன அவமரியாதை?"

தூதர் சிரித்துவிட்டார். அவமரியாதை ஒன்றும் இல்லை, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக எழுதுவதுதான் எங்கள் நாட்டு முறை என்றார். பிறகு புதுப் படத்தை நிமிர்ந்து பார்த்தார். ஏழு கடல் தாண்டி இருக்கும் எங்கள் ராணியை எங்கள் முறைப்படியே, அதுவும் எல்லாருக்கும் மேலே எழுதியிருக்கிறீர்களே என்று தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

மந்திரிக்கு முகம் சுண்டிப்போனது. "அது போகட்டும். இந்த ராஜ்ஜியத்தையே தாங்குகிற என்னைப் படத்தில் காணோமே?"

"இருக்கிறீர்கள் ஐயா. அந்த மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறீர்கள்."

ராஜா கிரீடம் நழுவ நழுவச் சிரித்தார். தம் கைக்கடகத்தைக் கழற்றி நல்லாண்டான் கையில் தாமே மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு பல்லவராயரைத் தேடி யார் வந்தாலும், மலைக்கு அப்பால் போய்ப் பார்க்கும்படி வாயிற்காவலர்களே வழி சொன்னார்களாம்.