யானையம்மா படித்த பலகை

ஒரு காட்டில் வழி சொல்வதற்குப் பலகைகள் இருந்தன, குழந்தைகளே. எந்த வழி நல்லது, எந்த வழி ஆபத்து என்று குரங்கு போய்ப் பார்த்து வந்து எழுதி வைக்கும்.

அங்கே ஒரு யானையம்மா இருந்தாள். பெரிய கூட்டத்துக்குத் தலைவி. ஆனால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. பலகையைக் கண்டால், “கண்ணில் தூசி விழுந்துவிட்டது, யாராவது படியுங்கள்” என்பாள். எத்தனை வருஷத்துக்குத்தான் தூசி விழும்?

ஒரு கோடையில் பக்கத்தில் படிக்க யாரும் இல்லை. ‘புதைசேறு’ என்று எழுதியிருந்த பலகையைத் தாண்டித் தன் குட்டியோடு நடந்தாள். புதைசேற்றில் மாட்டிக்கொண்ட குட்டியை இழுத்துக் கரை சேர்ப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தாள், படித்தே தீருவது என்று.

கிளி வாத்தியாரிடம் போனாள். கிளி முச்சந்திப் பலகையைக் காட்டி, “‘இந்த வழி ஆற்றுக்கு.’ எங்கே, எல்லோரும் சொல்லுங்கள்!” என்றது. காட்டுப்பன்றி உரக்கச் சொன்னது. மான்களும் கூடவே சொன்னன.

“பன்றிதான் முதல் மாணவன்!” என்று மெச்சிய கிளி, யானையைப் பார்த்து, “இந்த வயதில் உன் மண்டையில் ஏறுமா? பின்னால் போய் நில்” என்றது.

யானையம்மா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள். மரத்தின் மேலிருந்து ஒரு மரங்கொத்தி கூப்பிட்டது.

“அம்மா, நான் சொல்லித்தரட்டுமா? வளர்ந்தவர்களுக்கு எப்படிச் சொன்னால் மனதில் நிற்கிறது, எப்படிச் சொன்னால் மறந்துபோகிறது என்று பலரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.”

“எனக்கு வயதாகிவிட்டதே, தம்பி.”

“அது நல்லதாயிற்று! உங்களுக்கு எத்தனை சொற்கள் தெரியும்! அவற்றில் உங்களுக்கு மிகப் பிடித்த சொல் எது?”

“குட்டி” என்றாள்.

மரங்கொத்தி அந்தச் சொல்லை மரப்பட்டையில் கொத்தியது. எழுத்து எழுத்தாகப் பிரித்து ஒலிகளைச் சொல்ல வைத்தது. பிறகு சேர்த்துச் சொல்ல வைத்தது. அடுத்து ‘வழி’. அதற்கடுத்து ‘ஆறு’. தவறாகச் சொன்னால் சிரிக்காது. நேற்றுப் படித்ததைக் கேட்காமல் புதிய சொல்லைத் தொடாது. யானையம்மா தும்பிக்கையால் மணலில் எழுதி எழுதிப் பார்த்தாள்.

அடுத்த கோடை வந்தது. தாகத்தில் தவித்த விலங்குகள் ஆற்றுக்குக் கிளம்பின. முச்சந்திக்கு வந்ததும் பன்றி பலகைப் பக்கம் தலையை ஆட்டிவிட்டு, “‘இந்த வழி ஆற்றுக்கு!’ வாருங்கள்!” என்று கத்தியது. மான்களும் அதையே பாடின. யானைக்குட்டி துள்ளிக்கொண்டு முன்னால் ஓடியது.

யானையம்மா பலகை முன் நின்றாள். இந்தத் தடவை கண்ணில் தூசி விழவில்லை.

எழுத்துகள் வேறு மாதிரி இருந்தன. ஒரு சொல் அவள் அதுவரை பார்க்காத சொல். அதில் முதலில் இருந்தது ‘குட்டி’யில் வரும் எழுத்து. அடுத்தது ‘வழி’யில் வரும் எழுத்து. மெல்ல வாய்விட்டுச் சேர்த்தாள்.

“கு... ழி. குழி!”

பாய்ந்துபோய்க் குட்டியின் வாலைப் பிடித்து இழுத்தாள். “நில்லுங்கள்! குழி என்று எழுதியிருக்கிறது!”

“உளறாதே! முதல் மாணவன் நானா, நீயா?” என்றது பன்றி.

யானையம்மா ஒரு மரக்கட்டையைத் தூக்கி வழியில் எறிந்தாள். பரப்பியிருந்த இலைதழைகள் படபடவென்று சரிந்தன. உள்ளே வேடர்கள் வெட்டிய ஆழமான குழி! அன்று காலையில்தான் குரங்கு பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதியிருந்தது. பன்றி மான்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

கிளி பறந்து வந்தது. “‘குழி’ என்ற சொல்லை உனக்கு யார் சொல்லித்தந்தது?”

“யாரும் சொல்லித்தரவில்லை. நானே படித்தேன்!” என்று காடே கேட்கும்படி பிளிறினாள் யானையம்மா.

கிளி மரங்கொத்தியிடம் திரும்பி, “கேட்டாயா? உன் மாணவிக்கு நன்றியே இல்லை” என்றது.

மரங்கொத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இந்த வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை நாள் கொத்தினேன்!” என்றது.

நீதி: ஒப்பிக்க வைப்பது கற்பித்தல் ஆகாது, சொல்லித்தராததையும் தானே படிக்க வைப்பதே கற்பித்தல்.