காதோடு காது வைத்துப் பூட்டிய ரேடியோ

உடுமலைப்பேட்டையில், தாராபுரம் ரோட்டில், கிட்டுசாமி, மசக்காளி, அப்பாச்சி என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு ஒர்க்ஷாப் வைத்திருந்தார்கள். நாணயமானவர்கள். வாசலில் 'இங்கே எல்லா வண்டிகளும் பழுது பார்க்கப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். போர்டில் இருப்பதற்கு மேல் ஒரு இம்மிகூடச் செய்ய மாட்டார்கள். யாராவது டிராக்டரைக் கொண்டுவந்து விட்டால், மூன்று பேரும் அதைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை பழுதைப் பார்ப்பார்கள். அப்புறம், "பாத்துட்டோமுங்க, நல்ல பெரிய பழுது" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அதனால் அந்த ஒர்க்ஷாப்பில் கூட்டம் இருக்காது. கூட்டமில்லாத இடமாகத் தேடிக்கொண்டிருந்த தேங்காய் மண்டி பொங்கியண்ணன் கண்ணில் அது பட்டதுதான் வினை.

பொங்கியண்ணனுக்கும் அவருடைய அண்ணன் சென்னியப்பனுக்கும் பொதுவாக, அவர்கள் அப்பா ஒரு சீமைக் காரை விட்டுப் போயிருந்தார். கப்பல் மாதிரி நீளம். உள்ளே மரப்பலகை, சிவப்புத் தோல் சீட்டு, முப்பது வருஷமாக வாய் திறக்காத ஒரு ரேடியோ. தோல் கிழிந்து உள்ளிருந்து நார் எட்டிப் பார்த்தது. பலகை உளுத்துப் பொடி கொட்டியது. ஆனால் பெரியவர் சென்னியப்பன் அதில் கை வைக்க விடமாட்டார். "அப்பா உட்கார்ந்த சீட்டு. அதுல ஒரு ஆணி மாறினாலும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தார். ஐம்பது வருஷமாக ஒரு தீபாவளிகூடத் தனித்தனியாகச் சாப்பிடாத அண்ணன் தம்பி.

பெரியவர் காசிக்குப் போனார். திரும்பிவரப் பன்னிரண்டு நாள். அதற்குள் அதே நிறத்தில் புதுத் தோலும் புதுப் பலகையும் மாற்றி, ரேடியோவையும் பாட வைத்து, ஸ்டேஷனில் அண்ணனை அந்தக் காரிலேயே ஏற்றுவது என்று சின்னவர் திட்டம் போட்டார். ரேடியோ பாடினால் அண்ணன் உருகிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை.

"நல்லாக் கேட்டுக்குங்க," என்றார் பொங்கியண்ணன், காரை ஒர்க்ஷாப்பில் கொண்டுவந்து விட்டு. "கழட்டுற சாமான் ஒவ்வொண்ணு மேலயும் அது எங்க இருந்துச்சுன்னு எழுதி வைக்கோணும். ரேடியோ ஒயர்ல சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. முக்கியமா, வெளிய தெரியக்கூடாது. காதும் காதும் வச்ச மாதிரி முடிக்கோணும்."

"ஆகட்டுமுங்க," என்றார் கிட்டுசாமி.

அவர் போனதும் மூன்று பேரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

"என் காதையும் உன் காதையும் வச்சா ரெண்டு காது," என்றான் மசக்காளி. "அப்பாச்சி காதுக்கு ஜோடி ஏது?"

"அவனுக்கு அவன் காதே ரெண்டு இருக்குதே."

"அது ஒண்ணுக்கொண்ணு எட்டாதே."

அரை மணி நேரம் பேசி, ஒரு நாளைக்கு இரண்டு பேர் வேலை, மூன்றாவது ஆளுக்கு லீவு என்று முடிவானது. முதல் நாள் கிட்டுசாமியும் மசக்காளியும் காதோடு காது ஒட்டி, தலை இரண்டையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு காருக்குள் நுழைந்தார்கள். ஒருவர் ஸ்குரு எடுக்கக் குனிந்தால் இன்னொருவரும் குனிய வேண்டியிருந்தது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் சொன்னபடி நடந்தது.

கழற்றியது நாற்பத்து மூன்று சாமான். ஒவ்வொன்றின் மேலும் கிட்டுசாமி சாக்பீஸால் 'இங்கே' என்று எழுதினார்.

"அது போதுமாண்ணா?" என்று அப்பாச்சி கேட்டான்.

"எங்க இருந்துச்சு? இங்கதான இருந்துச்சு? 'அங்கே'ன்னு எழுதினா அது பொய்யி."

திருப்பி மாட்டும்போது அந்த எழுத்து எவ்வளவு உதவியாக இருந்தது என்று சொல்லி மாளாது. அப்பாச்சி ஒரு கதவுப் பலகையைக் கூரையில் வைத்துப் பார்த்தான். 'இங்கே' என்று இருந்தது. பூட்டிவிட்டான். பின்சீட்டைப் பின்பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். அதிலும் 'இங்கே' என்றுதான் இருந்தது. டிரைவர் சீட்டு மட்டும் துருப்பிடித்துக் கழலாததால் தப்பித்தது.

ஒயரில்தான் சிக்கல். அந்தக் காலத்துத் துணி ஒயர். அத்தனையும் வெளுத்துப் புழுதி நிறத்தில் இருந்தது.

"சிவப்புமில்ல, கறுப்புமில்ல. என்ன பண்றது?" என்றான் மசக்காளி.

"அவரு சேக்கத்தான் சொன்னாரு. நிறம் நம்ம பொறுப்பு," என்றார் கிட்டுசாமி.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த சிவப்புப் பெயிண்ட் அரை டப்பா இருந்தது. எந்த ஒயருக்குச் சிவப்பு என்று கை தூக்கி ஓட்டுப் போட்டார்கள். பதினோரு ஒயர் சிவப்பாக ஜெயித்தது. பெயிண்ட் தீர்ந்துவிட்டதால் மற்றதெல்லாம் கறுப்பு. பிறகு சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, ஒரு தப்பும் இல்லாமல் சேர்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பொங்கியண்ணன் வந்து காருக்குள் பார்த்தார். ரயில் வர அரை மணிதான் இருந்தது. வேறு வண்டிக்கு ஏற்பாடு செய்ய நேரமில்லை. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட்டினார்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு எருமை குறுக்கே நின்றது. ஹார்னை அழுத்தினார். முப்பது வருஷம் வாய் திறக்காத ரேடியோ கணீரென்று, "தென்னையில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த..." என்றது. பதறிக் கையை எடுத்தார். ரேடியோ நின்றுவிட்டது.

வாசலில் நின்றவர்கள் பாதிப் பேர் தென்னந்தோப்புக்காரர்கள். ஓடிவந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கையெடுக்காதீங்கண்ணா. மருந்து பேரு சொல்றதுக்குள்ள எடுத்துப்போட்டீங்களே."

பொங்கியண்ணன் மறுபடி அழுத்தினார். கூட்டம் குறிப்பெடுத்துக்கொண்டது. எருமையும் நின்று கேட்டது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காசித் தீர்த்தச் சொம்போடு சென்னியப்பன் வந்தார். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எதிரே பின்கண்ணாடி வழியாக, கார் வந்த ரோடு தெரிந்தது. புழுக்கத்துக்குக் கண்ணாடியை இறக்கலாம் என்று கைப்பிடியைத் தேடினார். அது தலைக்கு மேலே கூரையில் இருந்தது. அதையும் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இறங்கவில்லை.

அவர் இறங்கினார். முகம் கறுத்திருந்தது.

"போதும் தம்பி. இன்னைக்கே பாகம் பிரிச்சுக்கலாம். சரிபாதி."

"அண்ணா, நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தக் காருல இருந்தே ஆரம்பிக்கலாம்."

"இதையுங்களா?" என்று கிட்டுசாமி பணிவாகக் கேட்டார்.

"இதைத்தாண்டா முதல்ல," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஆட்டோவில் ஏறினார். சின்னவரும் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஏறிக்கொண்டார்.

வீட்டில் பெரியவர் நடந்ததைத் தன் மனைவியிடம் கோபமாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். கூரையில் கைப்பிடியைச் சுற்றிய இடம் வந்ததும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் வந்துவிட்டது. பொங்கியண்ணன் மட்டும் அழுதார். அண்ணன், அண்ணி, தம்பி எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து மதியம் சாப்பிட்டார்கள். "போயி வண்டிய எடுத்துட்டு வரலாம், வா. அந்த வெள்ளை ஈ மருந்து பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் தம்பியோடு கிளம்பினார்.

ஸ்டேஷன் வாசலில் கார் இல்லை. நடுவில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குவியல், அந்தப் பக்கம் ஒரு குவியல். நடுவில் கிட்டுசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சரிபாதிங்க. ஒரு நட்டு கூடக் குறைய இல்லீங்க."

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மசக்காளி இரண்டாக அறுத்த ஸ்டீரிங்கைக் கொண்டுவந்து, பெரியவர் கையில் ஒரு பாதியும் சின்னவர் கையில் ஒரு பாதியும் கொடுத்தான்.

"இது ஒண்ணுதானுங்க இருந்துச்சு. அதனால, இடது பக்கம் திரும்புறது பெரியவருக்கு. வலது பக்கம் திரும்புறது சின்னவருக்கு."

கிட்டுசாமி தயங்கித் தலையைச் சொறிந்தார்.

"ரிவர்ஸ் யாருக்குங்கறதுதானுங்க இன்னும் முடிவாகல."