நடுக்கோடு

இசக்கிமுத்துவுக்கு நாற்பத்தொரு வயது. கல்லூரி வாத்தியார், மூன்று வருட விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ரெஹானா ஆறு வயது இளையவர். இவர் மேடம் என்பார், ரெஹானா சார் என்பார்.

ஒரு பாஸ்பரஸ் பூச்சிமருந்தைக் குவார்ட்ஸ் குழாயில் ஊற்றி, காமாக் கதிர் பாய்ச்சி, திரவ நைட்ரஜனில் முக்கி வைத்திருந்தார் இசக்கிமுத்து. கதிர் பட்டால் மூலக்கூறு உடையும். உடைந்த துண்டுகளில் துணையில்லாமல் ஓர் எலெக்ட்ரான் தவிக்கும். குளிர் இருக்கும்வரைதான் அவற்றுக்கு ஆயுசு. அந்தத் தனி எலெக்ட்ரானைக் கண்டுபிடிக்கிற இ.எஸ்.ஆர். கருவியில் வைத்தால் கோடு கோடாகத் தெரியும்.

மூன்று கோடு தெரிந்தது. ஓரத்து இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. நடுவில் இருந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மனுஷன் அதை நம்பி ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டார். "சூடாக்கிப் பாருங்க சார்" என்று ரெஹானா மூன்று தரம் சொல்லியும் ஏதேதோ சாக்கு.

நாளைக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இன்றைக்குப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்தது.

"மேடம், அந்த நடுக்கோடு நிஜம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ரெஹானா இடுக்கியால் குழாயைத் தூக்கி வெளியே மேசையில் நிறுத்தினார்.

"ஐயையோ மேடம்! இருக்கிறதே அது ஒண்ணுதான்! சூடேறினா எல்லாம் செத்துடும்!"

"சாகட்டும்."

குழாய்மேல் படிந்த பனி உருகிச் சொட்டியது. இசக்கிமுத்து குலசாமியைக் கூப்பிட்டார். கோடு நிற்க வேண்டுமா, போக வேண்டுமா என்று சாமி கேட்டிருந்தால் முழித்திருப்பார்.

அரைமணி கழித்து ரெஹானா குழாயைத் துடைத்துக் கருவியில் வைத்தார். ஓரக்கோடுகள் இரண்டும் போயிருந்தன. நடுக்கோடு அப்படியே நின்றது.

"நிக்குது மேடம்! பாத்தீங்களா, நிக்குது!"

ரெஹானா குழாயை வெளியே எடுத்தார். மூடியைத் திறந்து, மருந்தைக் கழிவுக் குப்பியில் கொட்டினார். நன்றாக அலசினார். காலிக் குழாயைத் திரும்பக் கருவியில் வைத்தார்.

நடுக்கோடு அப்போதும் நின்றது.

இசக்கிமுத்து நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். மருந்து அல்ல, கதிர் பட்ட குழாய்தான் இத்தனை நாளும் அவருக்குக் கோடு காட்டியிருக்கிறது.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா மேடம்?"

"எனக்கு எங்கே சார் தெரியும்?" என்றார் ரெஹானா. "நாலு மாசமா அதை வெளியே எடுக்க விடாம காவல் காத்தது நீங்கதானே?"