தூக்கணாங்குருவி ஒட்டிய மின்மினி

ஈச்சங்காட்டுக் குளத்தின் மேல் சாய்ந்து நின்ற மரத்தில் இழையன் என்னும் தூக்கணாங்குருவி வாழ்ந்துவந்தது. அக்காட்டு விலங்குகள் எல்லாம் கழுத்தில் கைப்பேசியைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம் அது. இழையன் ஒரு வலைப்பதிவை நடத்திவந்தது. ‘இன்றைய நீர்’ என்பது அதன் பெயர்.

கோடையில் குளம் வற்றிவிடும். எந்தச் சுனையில் நீர் ஊறுகிறது, எந்தப் புதரில் சிறுத்தை படுத்திருக்கிறது என்பதை இழையன் விடியலில் பறந்து பார்த்துவரும். பார்த்ததை மட்டுமே எழுதும். எழுதியதை மூன்று முறை படித்த பிறகே வெளியிடும். அதனால் காடே அதை நம்பியது.

கூட்டைக் காப்பதிலும் இழையன் கண்ணும் கருத்துமாக இருந்தது. நாள்தோறும் கூடு பின்னிய நார் ஒவ்வொன்றையும் அலகால் இழுத்துப் பார்க்கும். தளர்ந்ததை அப்போதே மாற்றிவிடும். ஆனால் அதன் வலைப்பதிவின் மூலையில் மூன்று மாதங்களாக ஒரு சிவப்புக் குறி மின்னிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த அழுங்கு அதைக் கவனித்தது. உடலெங்கும் செதில் போர்த்திய பிராணி அது. எவருடைய கைப்பேசி பழுதானாலும் அதனிடம்தான் வரும்.

“இழையா! அந்தச் சிவப்புக் குறி என்ன சொல்கிறது?”

“தளத்தின் பாதுகாப்பைப் புதுப்பிக்கச் சொல்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.”

“மூன்று மாதமாக இதே நாளைதானா? உன் தளத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. கூட்டில் ஓட்டை விழுந்தால் இப்படிச் சொல்வாயா?”

“கூட்டில் முட்டை இருக்கிறது. வலைப்பதிவில் என்ன இருக்கிறது? எல்லாரும் படிக்கிற எழுத்துதானே! அதைத் திருடி எவன் என்ன செய்யப்போகிறான்?”

“செதில் இல்லாதவர்களுக்குத்தான் எவ்வளவு துணிச்சல்!” என்று முணுமுணுத்துக்கொண்டே அழுங்கு புற்றுக்குள் தலையை நுழைத்தது.

இழையனின் குலத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் மின்மினிப் பூச்சியை ஒட்டி அழகு பார்க்கும். கோணவாயன் என்னும் நரி இதை அறிந்திருந்தது. ஒருநாள் அது மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது.

“அண்ணே! கூட்டுக்கு மின்மினி ஒட்டுகிறீர்கள். வலைப்பதிவு மட்டும் ஏன் இருண்டு கிடக்கிறது? என்னிடம் ஓர் அலங்காரம் இருக்கிறது. பக்கத்தைத் திறந்தால் மின்மினிகள் பறக்கும். உங்களுக்கு இலவசம்!”

“இலவசமா? உனக்கு இதில் என்ன கிடைக்கும், தம்பி?”

“உங்கள் எழுத்தைப் படித்து உயிர் வாழ்கிறோமே அண்ணே, அது போதாதா?”

இழையனின் மனம் குளிர்ந்தது. நரி அனுப்பிய அலங்காரத்தைத் தன் தளத்தில் சேர்த்தது. ‘இத்தளத்தில் எழுதவும் திருத்தவும் அனுமதிக்கிறீர்களா?’ என்று ஒரு வரி தோன்றியது. தான் எழுதுவதை மூன்று முறை படிக்கும் இழையன், அந்த ஒற்றை வரியை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. ‘சரி’ என்பதை அழுத்தியது. மின்மினிகள் பறந்தன. காடு முழுவதும் பாராட்டியது.

பத்து நாள் கழித்து, விடியற்காலையில் எழுதுவதற்காக இழையன் தன் பக்கத்தைத் திறந்தது. அங்கே ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது.

‘வடக்குச் சுனையில் நீர் நிரம்பியுள்ளது. சிறுத்தை அங்கே இல்லை. குட்டியுள்ள மான்கள் அச்சமின்றி வரலாம். இப்படிக்கு, இழையன்.’

அதை இழையன் எழுதவில்லை. பதிவை அழிக்க முயன்றது. ‘கடவுச்சொல் தவறு’ என்றது தளம். மீண்டும் முயன்றது. மீண்டும் அதே பதில். தன் வீட்டு வாசலில் தானே அயலானாக நிற்பதை உணர்ந்த இழையன், கைப்பேசியைக் கூட்டிலேயே போட்டுவிட்டு வடக்கு நோக்கிப் பறந்தது.

நீள்விழி என்னும் புள்ளிமான், துள்ளி என்னும் தன் குட்டியோடு சுனைப் பாதையில் சென்றுகொண்டிருந்தது. பாதையோர மரத்தில் இறங்கிய இழையன், சுனையருகே இருந்த புதரில் ஒரு வால் நுனி அசைவதை இலைகளுக்கிடையே கண்டது.

“நீள்விழி! திரும்பிப் போ! சிறுத்தை இருக்கிறது!”

மான் நின்றது. ஆனால் திரும்பவில்லை. “நீ யார்?”

“நான்தான் இழையன்!”

“இழையன் எழுதியதைப் படித்துத்தானே வருகிறேன்! அதன் பெயர் இருந்தது, படம் இருந்தது, மின்மினிகூடப் பறந்தது. இலைக்குள் ஒளிந்துகொண்டு கத்தும் நீ கரிச்சான் குருவிதானே? ‘கரிச்சான் பிறர் குரலில் கத்தும், நம்பாதீர்’ என்று இழையனே போன மாதம் எழுதியிருக்கிறதே!”

இழையன் திகைத்தது. காடு அதன் எழுத்தை நம்பியது. எழுதிய பறவையை நம்பவில்லை! தாகம் தாங்காத துள்ளி இரண்டடி முன்னே சென்றது.

வலைப்பதிவில் இல்லாத ஒன்றைச் சொன்னால்தான் தப்பலாம் என்று இழையனுக்குத் தோன்றியது. “நீள்விழி, கேள்! துள்ளி பிறந்த மூன்றாம் நாள் அதன் இடக்காதில் கருவேல முள் ஏறியது. அதை என் அலகால் பிடுங்கினேன். நீ அழுதாய். அதை எவரிடமும் சொல்லாதே என்றாய். நான் எழுதவில்லை, சொல்லவும் இல்லை!”

மானின் கண்கள் விரிந்தன. “துள்ளி! ஓடு!”

அந்த நொடியில் சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் துள்ளியின் பின்தொடையைக் கீறியது. ஆனாலும் குட்டி தாயின் பின்னே ஓடித் தப்பியது. பாறைக்குப் பின்னால் எலும்புத் துண்டுக்காகக் காத்திருந்த கோணவாயனைச் சிறுத்தை திரும்பிப் பார்த்தது.

“மான் நிச்சயம் வரும் என்றாயே! எங்கே?”

நரி வாலைச் சுருட்டிக்கொண்டது. காட்டின் எல்லையைத் தாண்டும்வரை ஓடியது.

இழையன் அழுங்கிடம் சென்று நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றது. “நான் சொன்னேன் அல்லவா?” என்று அழுங்கு கேட்கும் என எதிர்பார்த்தது. அழுங்கு அப்படிக் கேட்கவில்லை.

“உட்கார். முதலில் தளத்தை மீட்போம். பிறகு அழலாம்.”

தளத்தை நடத்துவோருக்கு எழுதி, அதன் உரிமையாளர் இழையனே என்று மெய்ப்பிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நரி உள்ளே புகுந்து கடவுச்சொல்லை மாற்ற வழிவிட்ட மின்மினி அலங்காரத்தை இரண்டும் நீக்கின. சிவப்புக் குறி கேட்டதைச் செய்தன. எவரும் ஊகிக்க முடியாத நீண்ட கடவுச்சொல்லை அமைத்தன.

“இந்தப் புதுப்பிப்பை அன்றே செய்திருந்தால், நரியின் சரக்கைத் தளமே உள்ளே விட்டிருக்காது,” என்றது அழுங்கு. “இனிக் கடவுச்சொல் மட்டும் போதாது. உள்ளே நுழையும்போதெல்லாம் உன் கைப்பேசிக்கு ஓர் எண் வரும். அதையும் கொடுத்தால்தான் திறக்கும்.”

“துள்ளியின் காதில் ஏறிய முள்ளைப் போலவா?”

“ஆமாம். அதைப் போலத்தான். நீதான் என்று காட்ட, உன்னிடம் மட்டுமே இருக்கும் ஒன்று.”

மறுநாள் இழையன் ஒரே ஒரு பதிவை எழுதியது. ‘நேற்றைய பொய்யை நரி எழுதியது. கதவைத் திறந்துவிட்டது நான். துள்ளியின் காயத்துக்கு நானே பொறுப்பு.’ அதை வெளியிட்டுவிட்டுக் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டது. இனி எவர் படிப்பார்?

மரத்தடியில் குளம்போசை கேட்டது. நீள்விழி நின்றிருந்தது, பக்கத்தில் நொண்டியபடி துள்ளியும் நின்றது.

“இழையா, இன்றைக்குத் தண்ணீர் எங்கே?”

“என்னையா கேட்கிறாய்?”

“உன்னைத்தான். ஆனால் முதலில் சொல்: எந்தக் காது?”

“இடக்காது!”

துள்ளி தன் இடக்காதை ஆட்டிச் சிரித்தது. இழையன் கூட்டின் நார்களை ஒரு முறை இழுத்துப் பார்த்தது. தளத்தின் பூட்டையும் ஒரு முறை சரிபார்த்தது. அதன் பிறகே நீர் தேடிப் பறந்தது.

பிறர் நம்பி வரும் இடத்தை நடத்துபவர், அதில் எழுதுவதைப் போலவே அதன் கதவையும் நாள்தோறும் கவனித்துக் காக்க வேண்டும்.