சுண்ணாம்புக் கோடு

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. அந்தக் குடியிருப்பில் அந்த மாசம் முழுக்க ஒருத்தரும் குரல் உயர்த்திப் பேசவில்லை. நானும் அப்படியே சொல்கிறேன்.

வடசென்னையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் பழைய அரசாங்கக் குடியிருப்பு ஒன்று. அதற்கு முன்னால் ஒரு மைதானம். புல் கிடையாது, வெறும் மண். இரண்டு பக்கமும் துருப்பிடித்த கோல் கம்பம். விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் இடம் என்று பேர். ஆடுகிறவனுக்கும் ஆடாதவனுக்கும் அது கிரவுண்டு, அவ்வளவுதான்.

அங்கே ஆட்டம் சொல்லிக் கொடுத்தவள் பிலோமினா. வயசு நாற்பது இருக்கும். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவள். வாண்டுகளிலிருந்து தொப்பை போட்டவர்கள் வரைக்கும் எல்லாருக்கும் அவள் மாஸ்டர்.

அவளுடைய சிஷ்யர் தேசிங்கு, ஆட்டோ ஓட்டுகிறவர். அவளைவிட ரொம்ப மூத்தவர். மகளை ஆட்டத்துக்குக் கொண்டுவந்து விட்டவர், ஓரமாக நின்று பார்த்துப் பார்த்து, ஒருநாள் தானே போய்க் கம்பத்துக்கு நடுவில் நின்றுகொண்டார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அப்பன் கோல்கீப்பராகவே தங்கிவிட்டார். கழகத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

ஒருநாள் அரசாங்க ஆட்கள் வந்து கட்டடத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். கிரவுண்டில் புது வீடுகள். பழைய கட்டடம் இருக்கிற இடத்தில் கடை வளாகம். ஒரு மூலையில் கைக்குட்டை அகலத்துக்குப் பச்சை. அது விளையாட.

அன்றிலிருந்து பயம் குடிவந்தது.

வேண்டாம் என்றவனுக்கு வீடு கிடையாதாம். ஊருக்கு வெளியே எங்கேயோ ஏரிக்கரையில் கொண்டுபோய்த் தள்ளுவார்களாம். யார் சொன்னது? யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அது பக்கத்து வீட்டிலிருந்து வந்த பயம். தலைக்கு மேலே இன்னொன்று இருந்தது. மழை நின்றதிலிருந்து கூரையில் காரை உதிர்ந்துகொண்டே இருந்தது. பொம்பளைகள் சோற்றுப் பானையைத் திறந்து வைக்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கட்டிலுக்கு மேலே போடாமல் கட்டிலுக்கு அடியில் தூங்கவைத்தார்கள்.

மூன்றாம் மாடி வைரமணியின் அம்மாவுக்குக் காரை விழுந்துதான் கால் எலும்பு முறிந்தது. படிக்கட்டில் அவன் தேசிங்குவை மறித்தான்.

"இன்னா செக்ரெட்டரி, நீங்க பந்து ஒதைக்கணும். எங்கம்மா மண்டையில கூரை விழணும். அதானே உங்க நாயம்?"

தேசிங்கு ஒதுங்கி மேலே ஏறினார். அவர் வீடும் அதே மூன்றாம் மாடிதான். அவர் தலைக்கு மேலேயும் அதே கூரைதான்.

மறுநாள் காலையில் அவர் கதவைத் திறந்தால், தாழ்ப்பாளில் கோல் வலை தொங்குகிறது. அறுத்துக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். சம்சாரம் பார்ப்பதற்குள் அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவே இல்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனார். பிலோமினா பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், பாத்தீங்களா?"

"பாத்தேன். நல்லா அறுத்திருக்கான். கத்தி புதுசு போல."

"வெளையாடாதீங்க மாஸ்டர். ஞாயித்துக்கெழமை கூட்டம். அதுக்கு வர்ற ஆபீசர் என்னைத்தான் கேப்பாரு, ஆட எவ்ளோ எடம் வோணும்னு. கொஞ்சமா சொன்னா அதுலயும் பாதி வெட்டுவாங்க. முழுசும் வோணும்னா நம்ம ஜனமே என்னை வெட்டும். ராத்திரியில கண்ணு மூட முடியல. இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்க."

"கம்பத்துல போய் நில்லுண்ணா."

"இப்பவா?"

"நில்லு."

போய் நின்றார். அவள் பத்தடி தூரத்தில் பந்தை வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்தைப் பார்த்து ஓங்கி உதைத்தாள். பந்து காதை உரசிக்கொண்டு போனது.

"கண்ண மூடிட்டேன் மாஸ்டர்," என்றார் வெட்கத்தோடு.

"கண்ணை யாரு கேட்டா? கால் எங்க போச்சு?"

குனிந்து பார்த்தார். மண்ணில் அவர் தடம் தெரிந்தது. கோட்டைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது.

"பின்னால போயிருக்கு."

"பயத்தை வாயால கேட்டா பொய் சொல்லும்ணா. அது கால் எங்க ஓடுதுன்னு பாரு."

"பாத்தா போயிடுமா?"

"போவாது," என்று பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கூட்டத்தைக் கிரவுண்டில் வைக்கலாம் என்று கழகம் கேட்டது. வைரமணி ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க வெச்சா கிரவுண்டு நாயம்தான் பேசுவீங்க. கட்டடத்துக்குள்ள வெய்யி. எந்தக் கூரைக்குக் கீழ கெடக்கறோம்னு ஆபீசர் பாக்கட்டும்."

"நாயம்தானே, உள்ளயே வெய்யி," என்றாள் பிலோமினா.

தேசிங்குவுக்குக் கோபம். "விட்டுக் குடுத்துட்டீங்களே மாஸ்டர்!"

"அவன் கேக்கறது தப்பா?"



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சமுதாயக் கூடம். எல்லாருக்கும் முன்னாலேயே வந்த பிலோமினா இரண்டு கதவையும் விரியத் திறந்து, செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தாள்.

"இன்னாத்துக்கு மாஸ்டர்?" என்றார் பின்னால் வந்த தேசிங்கு.

"காத்து வரட்டும்."

ஆபீசர் சின்ன வயசுக்காரர். பேச்சில் கெட்டவர் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, படத்தை மேஜையில் விரித்து, பச்சை மூலையைத் தொட்டுக் காட்டினார். "விளையாட்டை நாங்க மறக்கல. இது பத்தலைன்னா சொல்லுங்க. எவ்வளவு இடம் வேணும்? செயலாளர் யாரு?"

தேசிங்கு எழுந்தார். கூடம் மொத்தமும் அவரைப் பார்த்தது. பார்த்தவர்களில் ஒருத்தன் வலையை அறுத்தவன். யார் என்று முகத்தில் எழுதியா இருக்கிறது? வாயைத் திறந்தார்.

தலைக்கு மேலே தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம்.

முதலில் ஆபீசர் தலைமயிரில் வெள்ளைத் தூசி விழுந்தது. அவர் தட்டிவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவ்வளவுதான் நேரம். கூரையில் ஒரு பாளம் பெயர்ந்து மேஜையின் மேல், அந்தப் படத்தின் மேல், தொப்பென்று விழுந்தது.

அப்புறம் ஆட்டம் ஏது, நாயம் ஏது. திறந்திருந்த கதவு வழியாக ஜனம் கொட்டியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு மேல்மாடிகளிலிருந்து படிக்கட்டில் இறங்கிற்று. ஒருத்தி இடுப்பில் பிள்ளை, கையில் குக்கர். ஒருத்தன் சவரம் பாதி, சோப்பு நுரை பாதி. ஆபீசர் வெறுங்காலோடு.

வைரமணி மட்டும் ஜனத்தை இடித்துக்கொண்டு மேலே ஏறினான். மூன்றாம் மாடியில் அவன் அம்மா கிடக்கிறாள், நடக்க முடியாமல்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். தேசிங்கு.

"இன்னா பாக்குற? ஓடு!"

போர்வையோடு சேர்த்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சுவர் அதிர்ந்துகொண்டே இருந்தது. கிழவி மட்டும் வாயை மூடவில்லை. "மெதுவாடா பாவிங்களா! நான் மனுஷிடா, கேஸ் சிலிண்டரு இல்ல!"

வெளியே வந்து, கால் போன இடத்துக்குப் போய் இறக்கி வைத்தார்கள். கிரவுண்டின் ஓரம். நடுவில் நிற்க இடமே இல்லை. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் ஜனம்.

எல்லாரும் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே இன்னும் ஏதேதோ உதிர்கிற சத்தம். ஒருத்தி பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள், திரும்பவும் எண்ணினாள். யாருக்கும் அடி இல்லை.

கட்டடத்துக்குப் பின்னால் பெரிய ரோடு இருக்கிறது. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் ஓடவில்லை.

தேசிங்கு குனிந்து தன் காலைப் பார்த்தார். அது நின்றது கிரவுண்டு மண்ணில்.

ஆபீசர் என்ன பேசுவது என்று தெரியாமல், விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். "செயலாளர் சார், நீங்க ஏதோ சொல்ல எழுந்தீங்களே… எவ்வளவு இடம்னு…"

தேசிங்கு மாஸ்டரைத் தேடினார். ஜனத்தில் அவள் இல்லை. கழகத்தின் தகரக் கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் சுண்ணாம்பு டப்பா. அடியில் ஓட்டை போட்டது, ஆட்டத்துக்கு முன்னால் கோடு போடுவதற்கு.

"மாஸ்டர், இவரு கேக்குறாரு, எவ்ளோ எடம் வோணும்னு."

"இன்னும் கேட்டுனுதான் இருக்காரா? இரு, போட்டுக் காட்டறேன்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற முதல் ஆளின் முதுகுப் பக்கம் போனாள். டப்பாவைத் தட்டினாள். சுண்ணாம்பு விழுந்தது. தட்டிக்கொண்டே நடந்தாள். குக்கர்காரியைச் சுற்றி, நுரை காய்ந்த ஆளைச் சுற்றி, கோடு போனது. ஆட்டத்துக்குப் போடுகிற மாதிரி நேர்க்கோடு இல்லை. ஜனம் எப்படி நின்றதோ அப்படி வளைந்து வளைந்து போனது. ஆபீசரின் வெறுங்காலையும் உள்ளே விட்டுத்தான் போட்டாள்.

"அம்மா, இது கிட்டத்தட்ட முழு மைதானம்," என்றார் அவர்.

"ஆமா சார்."

"அப்ப வீடு?"

"வீடு இல்லாம முடியுமா? கட்டுங்க." உதிர்ந்துகொண்டிருந்த கட்டடத்தை மோவாயால் காட்டினாள். "அந்தா, கோட்டுக்கு வெளிய."

தட்டிக்கொண்டே வந்தவள் வைரமணியிடம் வந்து சேர்ந்தாள். அவன் எல்லாரையும் விட்டுத் தள்ளி, அம்மாவின் தலைமாட்டில் நின்றான். உடம்பு முழுக்கத் தூசி. கோடு அவனுக்கு முன்னால் போகுமா, பின்னால் போகுமா என்று ஊரே பார்த்தது.

அவனுக்கே பொறுக்கவில்லை. "நான் உங்க பக்கம் இல்ல மாஸ்டர்."

"தெரியும்," என்றாள். "கொஞ்சம் நவுந்துக்கோ, சுண்ணாம்பு கால்ல படும்."

சுற்றிக்கொண்டு அவனுக்குப் பின்னால் போய், டப்பாவைத் தட்டினாள்.