முப்பதாவது நிமிடம்

மூன்று தடவை போய்த் தோற்றுவிட்டு வந்த பிறகுதான் அரங்கநாயகம் தன் குருவிடம் விஷயத்தைச் சொன்னார்.

குரு அவரைவிட இருபத்திரண்டு வயது இளையவர். பெயர் மெஹருன்னிசா. திருச்சி பாலக்கரைப் பக்கம், வீடுகளில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்ப்பவர். கடை கிடையாது. தோளில் ஒரு பை, அதில் நாலைந்து ஸ்க்ரூ டிரைவர், தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு பென்சில் ரப்பர்.

அரங்கநாயகம் தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் கேபிள்களோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தது. மெஹருன்னிசா வந்தார். மெமரியைக் கழற்றினார், அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்தார், திரும்பச் செருகினார். திரை ஒளிர்ந்தது. "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று அன்றைக்கே கேட்டவர், ஒன்றரை வருடமாக அவருடைய சீடர்.

"எந்த வீடு சார்?" என்றார் மெஹருன்னிசா.

"வரகனேரியில. இளவழகன்னு ஒருத்தர். புத்தகங்களுக்குப் பிழை திருத்துறவர். மாடியிலேர்ந்து விழுந்து, கழுத்துக்குக் கீழ அசைவு இல்லை. தாடையால அழுத்துற மாதிரி ஒரு பொத்தான் வச்சு வேலை பார்க்குறாரு."

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கலாமே?"

"அந்தப் பொத்தானைச் செருகுற இடமே புதுசுல கிடையாது. இதுதான் அவருக்குக் கை, கால் எல்லாம்."

"என்ன பண்ணுது?"

"முப்பது நிமிஷம் ஓடுது. பட்டுனு அணைஞ்சுடுது. அவருக்கு ஒரு பக்கம் முடிக்க நாற்பது நிமிஷம் வேணும் டீச்சர். முடிச்சாத்தான் சேவ் பண்ணுவாரு, நடுவுல அணைஞ்சா பண்ணினதெல்லாம் போயிடும்."

அரங்கநாயகம் எல்லாம் செய்து பார்த்திருந்தார். பவர் சப்ளையை மாற்றியிருந்தார். பிராசசருக்குச் சூடு கடத்தும் பசையைப் புதிதாகத் தடவியிருந்தார். கடைசியில் பெட்டியையே தன் வீட்டுக்குத் தூக்கிவந்து இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை. திருப்பிக் கொண்டுபோய் வைத்த மறுநாள் காலையிலேயே இளவழகனின் அப்பா போன் செய்துவிட்டார்.

"எங்க வீட்டுல நிக்கவே இல்லை டீச்சர். அதுதான் புரியலை."

"பெட்டியை உங்க வீட்டுக்குக் கொண்டுபோனீங்க. அவங்க வீட்டைக் கொண்டுபோகலையே."

அரங்கநாயகம் விழித்தார்.

"அவர் எப்ப வேலை பார்ப்பாரு?"

"காலையில ஒன்பதுலேர்ந்து ஒரு மணி வரைக்கும்."

"நீங்க எப்பப் போனீங்க?"

"சாயங்காலம். எப்பவும் நாலு மணிக்கு."

"நாளைக்கு எட்டரைக்குப் போவோம்" என்றார் மெஹருன்னிசா.

அது ஒரே அறையும் ஒரு சமையலறையும் கொண்ட மாடி வீடு. ஜன்னலோரம் கட்டிலில் சாய்ந்திருந்தார் இளவழகன். எதிரே திரை, கட்டிலை ஒட்டிய பலகைமேல் பெட்டி. அறையின் மறுபாதியை ஒரு புடவைத் திரை மறைத்தது.

"இன்னிக்கும் ஓடலைன்னா புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றார் இளவழகன். "ஐநூறு பக்கம். நூத்திப் பத்துல நிக்குது. இதுக்கு மேல பதிப்பகத்துக்காரங்களைக் காக்க வைக்கிறது நியாயமில்ல."

"நீங்க எப்பவும்போல வேலையைப் பாருங்க. நாங்க ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கோம்" என்றார் மெஹருன்னிசா.

"பெட்டியைப் பிரிக்கலையா?"

"இல்லை."

சற்று நேரத்தில் இளவழகனின் மனைவி தமயந்தி வந்தார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். கண்கள் சிவந்திருந்தன. வந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு. இரண்டு இட்லியை நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, கணவரின் கழுத்தடியில் துணியைச் சரிசெய்தார், புடவைத் திரைக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு இளவழகனின் அப்பா பெட்டியை இயக்கினார். ஃபேன் கரகரவென்று இரைந்தது. திரையில் நூற்றுப் பத்தாம் பக்கம் விரிந்தது.

ஐந்து நிமிடம் போயிருக்கும். இளவழகன் அப்பாவைப் பார்த்தார். அப்பா வந்தவர்களைப் பார்த்துத் தயங்கினார். மெஹருன்னிசா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா கட்டிலிலிருந்து ஒரு தலையணையை எடுத்து, ஓசைப்படாமல் போய், பெட்டியின் முதுகோடு சேர்த்து அழுத்தி வைத்தார். இரைச்சல் பாதியாகக் குறைந்தது.

அரங்கநாயகம் துள்ளி எழப்போனார். சூடான காற்று வெளியே போகும் ஒரே வழி அது! மெஹருன்னிசா அவர் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரங்கநாயகம் தவித்தார். இளவழகன் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்திக்கொண்டு வந்தார். ஒரு ஒற்றுப் பிழைக்குத் தாடையால் ஆறேழு தடவை அழுத்த வேண்டியிருந்தது. நெற்றியில் வியர்வை. பக்கத்தின் கடைசிப் பத்தியைத் தொட்டபோது திரை கறுத்தது.

மெஹருன்னிசா எழுந்து கட்டிலருகே போனார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தலையணை எதுக்கு?"

இளவழகன் புடவைத் திரையைப் பார்த்தார். "ராத்திரி பூரா நின்னுட்டு வர்றா. இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவா? கேட்டா, சத்தமே இல்லைம்பா. அதான், அவ கண்ணயர்ந்ததும் அப்பா வச்சிடுவாரு. முழிக்கிறதுக்குள்ள எடுத்துடுவாரு."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"மிஷின் அணைய ஆரம்பிச்சது?"

இளவழகன் யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "ஐயோ" என்றார்.

"சாருகிட்ட ஏன் சொல்லலை?"

"அவர் மிஷினைப் பத்தித்தானே கேட்டாரு" என்றார் அப்பா.

பெட்டியைப் படிக்கட்டுக்குத் தூக்கிப்போனார்கள். மெஹருன்னிசா மூடியைக் கழற்றினார்.

"இந்த ஃபேன் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. பழைய ஃபேன்னா சத்தம் வரத்தானே செய்யும்? அது கோளாறு இல்லையே டீச்சர்."

"யாருக்கு?"

கரகரத்த ஃபேனைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார் மெஹருன்னிசா. அதை அப்படியே மாட்டவில்லை. பழைய சைக்கிள் டியூபிலிருந்து பொத்தான் அளவில் நாலு துண்டு வெட்டி, ஃபேனின் நாலு மூலையிலும் தகரத்துக்கும் அதற்கும் நடுவில் கொடுத்து முறுக்கினார். அதிர்வு பெட்டிக்கு ஏறாது. பிராசசர் மேலிருந்த சின்ன ஃபேனைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். அதற்கு ஒரு சொட்டு எண்ணெய். மூடியின் திருகுகளை முடுக்கிவிட்டு, தகரத்தை விரலால் தட்டினார். எங்கோ கிணுகிணுத்தது. அந்த இடத்தைத் தேடி, அங்கேயும் ஒரு டியூப் துண்டு வைத்தார்.

சூடு போனால் போதும் என்றிருந்தால் தலையணையை எடுத்ததோடு வேலை முடிந்திருக்கும். இவர் அந்த வீட்டின் தூக்கத்துக்கும் சேர்த்துத் திருகு முடுக்குகிறார் என்று அரங்கநாயகத்துக்குத் தோன்றியது. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி இயக்கியபோது, ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள அப்பா குனிந்து காதை வைக்க வேண்டியிருந்தது.

முப்பதாவது நிமிடம் வந்தது. போனது. நாற்பதாவது நிமிடத்துக்குச் சற்று முன்பு இளவழகன், "நூத்திப் பத்து முடிஞ்சுது" என்றார். அப்பா மேல்துண்டால் மகனின் நெற்றியைத் துடைத்தார். பிறகு தன் கண்களையும்.

அரங்கநாயகம் கை கழுவச் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே தமயந்தி வந்து நின்றார்.

"மிஷின் நின்னுடுச்சா சார்?"

"இல்லம்மா, ஓடுது. ஃபேனை மாத்திட்டோம், சத்தம் வராது. தூங்கலையா நீங்க?"

"சத்தம் கேட்கலைன்னதும் பயந்துட்டேன்." சுவரில் சாய்ந்துகொண்டு பெருமூச்சு விட்டார். "அப்ப மாமா இனிமே தலையணையைத் தூக்கிட்டு நடக்க வேண்டாம்."

"உங்களுக்கு அது தெரியுமா?"

"தினம் பார்க்குறேனே. நான் தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டாத்தான் என் வீட்டுக்காரர் நிம்மதியா வேலை பார்ப்பாரு. அதுல சூடாகும்னுதான் எனக்குத் தெரியாமப் போச்சு."

இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் புடவைத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். இளவழகன் திரும்பிப் பார்க்கவில்லை. நூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்தார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் அரங்கநாயகத்தால் அடக்க முடியவில்லை. நடந்ததைக் குருவிடம் கொட்டினார்.

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்! தெரியும்கிறது அவருக்குத் தெரியாது. ஒரு மாசமா இவர் அவங்களுக்கு ஒளிக்கிறாரு, அவங்க இவருக்கு ஒளிக்கிறாங்க. மேலே போய் ரெண்டு பேருக்கும் சொல்லிட்டு வந்துடட்டுமா?"

மெஹருன்னிசா ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டிருந்தவர், நின்று அவரைப் பார்த்தார்.

"நல்லா ஓடிக்கிட்டிருக்கு சார்" என்றார். "அதை எதுக்குப் பிரிக்கிறீங்க?"