ஷாஃப்ட்டில் ஒரு வெள்ளைக் கோடு

குரு என்றால் வெள்ளைத் தாடி வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கதை சரிப்படாது. மேட்டுப்பாளையத்தில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கும் ரஞ்சிதத்துக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் மாரப்பனோ பேரன் எடுத்தவர். காலமெல்லாம் டாக்ஸி ஓட்டி ஓய்ந்த பிறகு, வண்டிக்குள் என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடக் கூடாது என்று அவளிடம் வந்து சேர்ந்தார். அவளை அம்மணி என்பார். அவள் அண்ணா என்பாள். ஸ்பேனரை மாற்றி எடுத்துக் கொடுத்தால் மட்டும் அண்ணன் என்றும் பார்க்க மாட்டாள்.

மாரப்பனிடம் ஒரு பழைய கார் இருந்தது. கல்யாணமான புதிதில் மனைவி சரசுவைக் கோத்தகிரியில் இருந்த அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போன வண்டி. பாதி மலையில் ஒரு செங்குத்தான வளைவு வரும். அங்கே வண்டி மூச்சுவாங்கி நின்றுவிடும். சரசு இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள். வண்டி ஏறிப்போனதும் பின்னாலேயே நடந்து வருவாள். கட்டிய மனைவியை நடக்கவிட்டு, தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனது மாரப்பனுக்கு இன்றுவரை ஆறவில்லை.

"ஒரு நாளைக்கு உன்ன எறக்காமயே மேல கொண்டுபோயி நிறுத்தறன் பாரு" என்று அப்போதே வாக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் பிள்ளைகள், பிழைப்பு என்று காலம் ஓடிவிட்டது.

இப்போது சரசுவின் தம்பி அந்த வீட்டை விற்கப் போகிறான். விற்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதுவும் அந்த வண்டியிலேயே போக வேண்டும் என்று சரசு சொல்லிவிட்டாள். சொன்னவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து கிடக்கிறது. வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்கிறாள்.

மாரப்பன் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் இன்ஜினை வாங்கி வந்தார். பழையதைப்போல் இரண்டு மடங்கு இழுவை. ரஞ்சிதத்தின் பட்டறையிலேயே வைத்து, தானே பூட்டி முடித்தார்.

"எப்படிம்மணி இருக்குது?"

"இன்ஜின் நல்ல இன்ஜின்தானுங்ண்ணா."

சொல்லிவிட்டு அவள் வண்டியின் பின்பக்கம் போனாள். பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட்டை உருவி எடுத்துத் துடைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்தாள். காய்ந்ததும் பழையபடி மாட்டிவிட்டாள்.

"இது எதுக்கு?"

"போயிட்டு வாங்க, பாக்கலாம். அக்காளக் கூட்டிட்டுப் போகாதீங்க. தனியாப் போங்க."

மாரப்பன் போனார். வண்டி பறந்தது. மலை ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. அந்தக் காலத்தில் குளிர் வந்ததும் சரசு அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொள்வாள். அந்தப் பக்கத்து இருக்கையைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். பழைய வளைவு வந்தது. வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, மறுபடி எடுத்தார். ஒரே மிதி, எகிறிக்கொண்டு ஏறியது. ஆசை அடங்காமல் கீழே இறங்கி வந்து, நிறுத்தி, திரும்பத் திரும்ப ஏற்றினார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பட்டறைக்குத் திரும்பும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

"அம்மணி, ஒரு திணறல் இல்ல. ஒரு சத்தம் இல்ல!"

ரஞ்சிதம் ஷாஃப்ட்டை உருவி அவர் கையில் கொடுத்தாள். வெள்ளைக் கோடு ஒரு முனையில் மேலே இருந்தது. மறுமுனையில் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பிழிந்த வேட்டியைப்போல் இரும்பு முறுக்கிக்கொண்டிருந்தது.

மாரப்பன் அந்த வளைவை நினைத்துப் பார்த்தார். ஏற்றத்தில் இது முறிந்தால் இன்ஜின் எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்துக்கு வந்து சேராது. வண்டி பின்னால் உருளும். உள்ளே சரசு இருப்பாள்.

"சத்தமே வரலியே அம்மணி?"

"சத்தம் ஒரே தடவைதானுங்ண்ணா வரும்."

முறுக்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"தடிமனா ஒண்ணு போட்டுட்டா?"

"போடலாம். உள்ள இருக்கற பல்சக்கரம் போயிரும்."

"அதையும் மாத்திட்டா?"

"கியர்பாக்ஸ் போயிரும்."

"அதையும்?"

"எல்லாத்தையும் மாத்தலாம். நல்ல வண்டியாத்தான் இருக்கும். அக்கா கேட்ட வண்டியா இருக்காது."

மாரப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன அந்தச் சோத்து மூட்டை இன்ஜினையே திரும்ப வெக்கச் சொல்றியா? நட்ட நடு ரோட்டுல என் மானத்த வாங்குச்சு!"

"அது ஷாஃப்ட்ட முறிச்சுதுங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லைன்னு சொல்றனல்ல."

"முடியாதப்ப என்ன பண்ணுச்சு?"

"நின்னுக்கும். சரசு எறங்கிக்குவா."

அந்த நேரம் பார்த்துச் சரசுவே ஆட்டோவில் வந்து இறங்கினாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. ரஞ்சிதம் ஓடிப்போய்த் தாங்கி, முக்காலியில் உட்காரவைத்தாள்.

"ஏனக்கா, அந்த வளைவுல எறங்கி நடந்தது ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? அதுக்குத்தான் கண்ணு நான் போறதே." சரசுவின் முகமே மாறிவிட்டது. "நான் கீழ இருந்து நடந்து வருவன். இவரு மேல வண்டிய நிறுத்திப்போட்டு, பானட்டத் தெறந்து வெச்சுக்கிட்டு, நான் வர்ற வழியையே பாத்துட்டு நிப்பாரு. பக்கத்துல வந்து சேர்ற வரைக்கும் கண்ண எடுக்க மாட்டாரு. அதுக்கப்புறம் எங்கீங்கம்மணி, ஒரு நாளாவது அப்படிப் பாத்திருப்பாரா?"

மாரப்பன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவள் கால்களையே நினைத்து வருந்தியவர், ஏறி வந்த அந்த முகத்தை எப்படியோ மறந்துவிட்டார்.

சரசு தூக்கைத் திறந்து தட்டு வைத்தாள். அவர் சாப்பிடவில்லை. எழுந்துபோய், மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பழைய இன்ஜினின் முன்னால் நின்றார்.

"நல்ல ஷாஃப்ட் ஒண்ணு போட்டு, இதையே திரும்பப் பூட்டிருவோம் அம்மணி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா அந்த வளைவுல நானும் அவளும் உக்காந்திருந்தா இது இழுக்காதே. அவளால இப்ப நடக்கவும் ஆகாது. நான் என்ன பண்ணட்டும்?"

ரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டே அவரை மேலும் கீழும் பார்த்தாள். டாக்ஸியில் உட்கார்ந்தே வளர்ந்த தொந்தி சட்டைக்கு அடங்காமல் முன்னால் நின்றது. அவளும் சரசுவும் சேர்ந்தாலும் அந்த எடைக்கு வர மாட்டார்கள்.

"உங்க முட்டி எப்படிங்ண்ணா இருக்குது?"

"எனக்கென்ன? கல்லாட்டம் இருக்குது."

"அப்ப சாவிய எங்கிட்டக் குடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியின் ஸ்டியரிங்கை மாரப்பன் வேறொரு கைக்குக் கொடுத்ததில்லை. பெற்ற மகனுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

"நீ ஓட்டுவியா? அப்ப நான்?"

"நீங்க எறங்கி நடந்து வாங்கண்ணா" என்றாள் ரஞ்சிதம். "அக்கா மேல நின்னு பாத்துட்டு இருக்கட்டும்."